எண்பத்து மூன்று மோசமில்லை

வடக்கே, பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்தில் ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான். மோசமில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவரும் மோசமில்லை என்பார், முதல்நாள் வீடு எரிந்துபோனவரும் மோசமில்லை என்பார். வித்தியாசம் குரலில் இருக்கும். 'மோ'வை எவ்வளவு இழுக்கிறார், சொல்லி முடித்ததும் ஏரிப் பக்கம் பார்க்கிறாரா, தன் காலணியைப் பார்க்கிறாரா என்பதில் இருக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை.

ஆர்டிஸ் ஹோவ்லண்ட் அந்த ஊர்க்காரி. வயது ஐம்பத்து நான்கு. வடமுனை மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புப் பிரிவில் பதினொரு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். சிகிச்சைக்குப் பணம் தர இயலாது என்று நிறுவனம் கடிதம் அனுப்பும். கடிதம் கிடைத்தவர்கள் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? கடிதத்தின் அடியில் கையெழுத்தும் எண்ணும் இருக்கும். அவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், சிலர் மன்னிப்புக்கூடக் கேட்பார்கள். ஆர்டிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புரியுதுங்க" என்பாள். அது அச்சடித்துக் கொடுத்த வசனம்தான். ஆனாலும் அவளுக்குப் புரியத்தான் செய்தது.

அந்தப் பிரிவில் பதினெட்டு நாற்காலிகள். ஏழு காலி. ஆட்களை நிரப்புவதா, இருக்கிறவர்களின் மனத்தை நிரப்புவதா என்று மேலிடம் யோசித்தது. மனம் மலிவாக முடிந்தது. புத்தாண்டுக்கு மறுநாள் எல்லோருடைய கணினியிலும் கைபேசியிலும் 'நங்கூரம்' என்ற செயலி வந்து உட்கார்ந்தது. தினமும் காலையில், 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கும். சொந்த வார்த்தையில் பதில் எழுதினால்தான் தொலைபேசி திறக்கும்.

ஆர்டிஸ் 'மோசமில்லை' என்று எழுதினாள். அடுத்த நாளும் எழுதினாள். ஜனவரி ஒன்பதாம் தேதி அவள் தம்பி ரோலி இறந்துபோனான். இரண்டு நாள் விடுப்புக்குப் பிறகு திரும்பி வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மோசமில்லை என்று எழுதினாள்.

அந்தச் செயலியைச் செய்தவர்கள் எங்கோ வெயில் ஊரில் இருந்தார்கள். இயந்திரம் ஒரு சொல்லின் தலையைப் பிடித்துக்கொள்ளும், வாலை விட்டுவிடும். மோசமில்லை என்பதில் அது பிடித்துக்கொண்டது மோசத்தை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்லறைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆர்டிஸின் சொந்த ஊர் இரண்டு மணி நேரம் வடக்கே. ஜனவரியில் செத்தவர்களை அங்கே ஜனவரியில் புதைக்க முடியாது. நாலடி ஆழத்துக்குத் தரை இரும்பாகக் கிடக்கும். தேவாலயத்தில் சடங்கு முடித்து, கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைவார்கள். பெட்டி மட்டும் கல்லறைத் தோட்டத்துக் கான்கிரீட் அறையில் வசந்தத்துக்குக் காத்திருக்கும்.

"ஆர்டிஸா? ரெய்னோ பேசறேன். தரை விட்டுக்குடுத்துருச்சு. மே பதினஞ்சு, வியாழக்கிழமை, பதினோரு மணி. இந்தக் குளிருக்கு மொத்தம் அஞ்சு பேரு. உன் தம்பி மூணாவது."

"சனிக்கிழமை வச்சுக்க முடியாதா, ரெய்னோ?"

"தோண்டற மெஷின் வாடகைக்கு வருதும்மா. அன்னைக்கு ஒரு நாள்தான். எப்படி இருக்கே?"

"மோசமில்லை."

"சரி," என்றார் ரெய்னோ. "வந்து சேரு."

ஆர்டிஸ் மேலாளர் டெரக்கிடம் போனாள். டெரக் நல்லவன். நல்லவர்களைத்தான் அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள், இல்லை என்று சொல்லும்போது முகம் வாடுவதற்கு.

"துக்க லீவு மூணு நாள்ல நான் ரெண்டுதான் எடுத்தேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

"இருந்துச்சு, ஆர்டிஸ். இறந்த தேதியிலேர்ந்து முப்பது நாளைக்குள்ள எடுத்துடணும். பிப்ரவரி எட்டோட காலாவதி."

"பிப்ரவரியில எப்படிப் புதைக்கிறது? நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதானே?"

"எனக்குத் தெரியாதா? எங்கப்பாவையே மே மாசந்தான் வச்சோம். ஆனா விதி எழுதினவங்க டெக்ஸாஸ்ல உக்காந்திருக்காங்க. அங்கல்லாம் தரை வருஷம் பூரா தொறந்தேதான் கெடக்கும்."

"சாதாரண லீவாவது குடுங்க."

"ஏழு நாற்காலி காலி. ஜூன் வரைக்கும் யாருக்கும் லீவு இல்ல." அவன் முகம் வாடியது. "அவரால இன்னும் ரெண்டு வாரம் பொறுக்க முடியாதா?"

"ஜனவரியிலேர்ந்து பொறுத்துட்டுதான் இருக்கான்."

இடத்துக்குத் திரும்பி வந்தபோது, நல்வாழ்வுத் துறையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. அவசரம் என்று சிவப்பில் போட்டிருந்தது.

நல்வாழ்வுத் துறை என்பது கென்ட்ரா வின்ஸ்லோ. முதன்மை நல்வாழ்வு அலுவலராக அரிசோனாவிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்தாள். வந்த முதல் வாரமே எல்லோரையும் நிற்க வைத்து உரையாற்றினாள். "கஷ்டம் வேலையிலேர்ந்து வர்றதில்லை. வேலையைப் பத்தி நாம நெனைக்கிறதுலேர்ந்துதான் வருது. ஏழு நாற்காலி காலியா இருக்கேன்னு பாக்காதீங்க. பதினோரு நாற்காலி நெறைஞ்சிருக்குன்னு பாருங்க. அந்த ஏழு பேரோட வளர்ச்சியும் இப்ப உங்களுக்குத்தான் கெடைக்குது!" யாரோ கை தட்டினார்கள். டெரக்காக இருக்கும்.

அதே உரையில்தான் நான்காம் எண்ணும் வந்தது. மறுப்புப் பிரிவில் இருக்கையை விட்டு எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தொலைபேசியில் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று கழிப்பறை, ஆறு நிமிடம். இரண்டு சாப்பாடு, முப்பது. மூன்று பயிற்சி, பதினைந்து. நேரம் தாண்டினால் டெரக்கின் திரையில் மணி அடிக்கும். இனி நான்கு என்றால் நல்வாழ்வு என்று கென்ட்ரா அறிவித்தாள். "இதுக்கு எவ்வளவு நேரம்னு கேக்கறாங்க. மனசுக்கு எல்லை உண்டா?" கணினிப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

கென்ட்ரா கதவைச் சாத்திவிட்டு ஆர்டிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்து மூணு நாள், ஆர்டிஸ். விடாம எண்பத்து மூணு நாள் மோசம்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கம்பெனியிலேயே நீங்கதான் அதிகம். ஒருத்தர்கூடக் கேக்கலையே, எனக்கு நெஞ்சே அடைக்குது."

"மோசம்னு எழுதலைங்க. மோசமில்லைன்னு எழுதினேன்."

"அதேதான்."

"அது வேறங்க."

"பாத்தீங்களா? இல்லைங்கறீங்க. இல்லைன்னு சொல்றதுக்குப் பேருதான் மறுப்பு. நீங்க மறுப்புல இருக்கீங்க."

"ஆமாங்க. பதினோரு வருஷமா."

கென்ட்ரா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பதினொரு வருடம் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

ஆர்டிஸுக்கு எரிச்சல் வந்தது. இயந்திரம் தப்பாகப் படித்ததில் அல்ல. தப்பான வழியில் போய் அது சரியான வாசலில் நின்றுகொண்டிருந்தது, அதில்தான். உண்மையில் மோசமாகத்தான் இருந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு ரோலி ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிடுகிறவன் அல்ல. எப்படிடா இருக்கே என்று கேட்டாள். "மோசமில்லைக்கா," என்றான். அந்த 'மோ' ஒரு அரைக்கணம் நீண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருந்தவள், அந்த அரைக்கணத்தைக் கேட்கத்தான் செய்தாள். திரையில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். சாயங்காலம் கூப்பிடறேன்டா என்றாள். சாயங்காலம் கூப்பிட்டது ரோலியின் பக்கத்து வீட்டுக்காரர்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தட்டும்போதெல்லாம் அவன் குரலில்தான் தட்டினாள்.

"தம்பி போயிட்டான்," என்றாள் கென்ட்ராவிடம். "பதினஞ்சாம் தேதி அடக்கம். ஒரு நாள் லீவு கெடைச்சா போதும்."

கென்ட்ராவின் கண் நிறைந்துவிட்டது. கண்ணீர் உண்மையானதுதான், அதில் குறை சொல்ல முடியாது. "லீவுங்கறது பிரச்சினையிலேர்ந்து ஓடறது, ஆர்டிஸ். நீங்க அதை நேருக்கு நேர் சந்திக்கணும்."

"கல்லறையிலதாங்க சந்திக்கணும். பதினோரு மணிக்கு."

"லீவு என் துறை இல்ல. மனசுதான் என் துறை."

அன்றிலிருந்து ஆர்டிஸின் மனத்துக்கு வேலை கொடுத்தார்கள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. பயிற்சி பதினெட்டு நிமிடம் நடக்கும், மூன்றாம் எண்ணுக்குப் பதினைந்துதான். டெரக்கின் திரையில் மணி அடித்தது. மூன்றாவது முறை அடித்ததும் ஆர்டிஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: நேர ஒழுங்கின்மை, ஒருவேளை மன அழுத்தம் காரணமாக இருக்கலாம், மூச்சுப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. அப்புறம் ஒரு கூழாங்கல் கொடுத்தார்கள். துக்கத்தை அதில் எழுதி வரவேற்பறைக் கண்ணாடிக் குடுவையில் போட வேண்டும். ஆர்டிஸ் 'வியாழக்கிழமை' என்று எழுதிப் போட்டாள். குடுவையில் ஏற்கெனவே கிடந்த கற்களில் பெரும்பாலும் எழுதியிருந்தது 'டெரக்'.

பக்கத்து இருக்கை பெவ் மாக்கி. ஆர்டிஸோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஏன்டி, பேசாம நீ நல்லா இருக்கேன்னு எழுதித் தொலைச்சிருந்தா இவ்வளவு வந்திருக்குமா?"

"நல்லா இருக்கேன்னு யாருடி எழுதுவா? குடிச்சிருக்கான்னு நெனைக்க மாட்டாங்க?"

"அதுவும் சரிதான்," என்றாள் பெவ்.

வெளியே ஒரு மனநல ஆலோசகரிடமும் கென்ட்ரா அனுப்பி வைத்தாள். சனிக்கிழமை போனாள். வெளிறிப்போன கம்பளிச் சட்டையும் கலைந்த நரைத்தலையுமாக அந்த அம்மாள் முக்கால் மணி நேரம் அதிகம் பேசவே இல்லை. கடைசியில், "அடக்கம் என்னைக்கு? போறீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாதத்தில் யாரும் கேட்காத உருப்படியான கேள்வி. மறுபடி வரலாம் என்று ஆர்டிஸ் நினைத்துக்கொண்டாள்.

மே பன்னிரண்டாம் தேதி வீட்டுக்குக் கடிதம் வந்தது. வடமுனை மருத்துவக் காப்பீடு. 'தங்கள் துக்கம் முப்பது நாட்களுக்கு மேல் நீடித்திருப்பதால் அது துக்கமாகக் கருதப்பட மாட்டாது. ஆகவே ஆலோசனைச் செலவு மறுக்கப்படுகிறது. ஐயங்கள் இருப்பின் என்னை அழைக்கவும்.' கீழே கையெழுத்து: ஆர்டிஸ் ஹோவ்லண்ட். உள்ளிணைப்பு எண் 4417.

கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் கையெழுத்தேதான். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தாளில் வாங்கினார்கள், அதற்கப்புறம் இயந்திரமே போட்டுக்கொள்கிறது. இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனை சமையலறைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரை இப்படி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றியது.

மறுநாள் இடத்தில் உட்கார்ந்துகொண்டே கைபேசியில் அந்த எண்ணை அழைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எதிரே மேசைத் தொலைபேசியில் விளக்கு மினுக்கியது. காதில் குரல் கேட்டது: 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். உங்களுக்கு முன்னால் இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.'

பெவ் எட்டிப் பார்த்தாள். "யாருக்குடி?"

"எனக்குத்தான். கடுதாசியில கேள்வி இருந்தா கூப்பிடச் சொல்லியிருக்கா."

"எடுக்கறாளா?"

"இல்லடி. பிஸியா இருக்கா."

"அவ எப்பவுமே அப்படித்தான்," என்றாள் பெவ். இருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை கென்ட்ரா ஓடி வந்தாள். முகம் பிரகாசமாக இருந்தது. "ஆர்டிஸ், வழி கண்டுபிடிச்சுட்டேன்! லீவே தேவையில்ல. அடக்கத்தை இங்கேயே வச்சுக்கலாம்!"

ஆர்டிஸ் காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். "எதை?"

"வியாழக்கிழமை, பதினோரு மணி, அதே நேரம். பெரிய மீட்டிங் ரூம். ஒரு பூந்தொட்டி, கொஞ்சம் மண்ணு, ஒரு மரக்கரண்டி. நீங்க உங்க தம்பியைப் பத்தி ஒரு சீட்டுல எழுதித் தொட்டியில வைங்க. எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி மண்ணு போடுவோம். மேல ஒரு செடி. இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். நீங்க பதினொண்ணு இருபதுக்கு போன் எடுக்கலாம்!"

"ரோலி அங்க இருக்கானே."

"உடம்புதானே அங்க இருக்கு?" கென்ட்ரா மென்மையாகக் கேட்டாள்.

ஐந்து மணிக்கு நூற்று நாற்பது பேருக்கு அழைப்பு போயிற்று. 'ரோலியை விடைகொடுத்து அனுப்புவோம். விருப்பப் பங்கேற்பு. வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும்.' புகைப்படக்காரர் வருகிறார், 'இதயமுள்ள பணியிடம்' விருதுக்கு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது, ஆகவே நல்ல நிறத்தில் உடுத்தி வரவும். ஆர்டிஸின் நாட்காட்டியில் வியாழக்கிழமை பதினொரு மணி நிரப்பப்பட்டிருந்தது. அழிக்கப் பார்த்தாள். 'முக்கிய விருந்தினர் விலக முடியாது' என்றது கணினி.

புதன்கிழமை கடைசியாக ஒருமுறை டெரக்கிடம் போனாள். அவன் முகம் அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வாடிவிட்டது.

"இதுக்கு மேல என்ன பண்ணச் சொல்றீங்க, ஆர்டிஸ்? வேற யாரு தம்பிக்கு இப்படிச் செஞ்சிருக்காங்க?"

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் கறுப்புக் கவுனில் வந்தாள். 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று நங்கூரம் கேட்டது. பதில் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி பூட்டியே கிடந்தது, எழுந்துபோகும் எண்கள் மட்டும் வேலை செய்யும். மீட்டிங் அறைக்குள் யாரோ பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெரிய தொட்டிதான். விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. பின்னாலேயே கென்ட்ரா மரக்கரண்டிகளோடு போனாள், நூற்று நாற்பதையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ரோலி அரைக்கணம் இழுத்தது மறுபடி காதில் கேட்டது.

ஒன்று கழிப்பறை, ஆறு நிமிடம். இரண்டு சாப்பாடு, முப்பது. ஆர்டிஸ் நான்கை அழுத்தினாள். திரையில் கடிகாரம் தோன்றவில்லை. நேர எல்லை காட்டும் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. அவள் குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பெவ் தலையைத் தூக்கவில்லை. "ஏரியோரமா போகாதே, ரோடு வேலை நடக்குது. உள்பக்கமா போ."

"கேட்டா?"

"நல்வாழ்வுக்குப் போயிருக்கான்னு சொல்றேன். திரையிலயே அப்படித்தானே போட்டிருக்கு?"

பத்து ஐம்பதுக்குக் கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினாள். தரை ஈரமாக, கறுப்பாக இருந்தது. நிழல் விழுகிற மூலைகளில் மட்டும் அழுக்குப் பனி மிச்சம் இருந்தது. வாடகை இயந்திரம் நான்காவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. போதகர் வந்து சுருக்கமாக ஜெபம் செய்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். ரெய்னோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுபது வயதிருக்கும். ரோலியோடு முப்பது வருடம் பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடித்தவர்.

"எப்படி இருக்கே, ஆர்டிஸ்?"

"மோசமில்லை."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவா?" என்றார். ஒரு மண்வெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

முதல் மண் பெட்டிமேல் விழுந்தபோது கோட்டுப் பையில் கைபேசி அதிர்ந்தது. பெவ்வின் செய்தி: 'ஆரம்பிச்சுட்டாங்க. நீ துக்கம் தாங்காம வெளியே நிக்கறேன்னு கென்ட்ரா சொல்லிட்டா. டெரக் அழறான். தொட்டியை உன் மேசையில வைக்கப் போறாங்க.' அதன் கீழே நங்கூரம் நின்றுகொண்டிருந்தது, காலையிலிருந்து பதில் கிடைக்காமல். 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?'

ஆர்டிஸ் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மண் ஒட்டிய கட்டைவிரலால், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லைப் பாதியோடு நிறுத்தினாள். மோசம்.

செயலி இரண்டு கணம் யோசித்தது. பிறகு திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் கொட்டின. 'வாழ்த்துகள், ஆர்டிஸ்! நீங்கள் மறுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். உங்கள் நல்வாழ்வுத் திட்டம் இன்றோடு நிறைவடைகிறது.'

"யாரு?" என்றார் ரெய்னோ.

"ஆபீஸ்."

"என்னவாம்?"

"எனக்குக் குணமாயிடுச்சாம்."

ரெய்னோ குழியைப் பார்த்தார். முதல் மண் விழுந்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப மோசமில்லை," என்றார்.

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஜனவரிக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அது, அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் வேறொன்று தொடங்கிவிட்டது. ரெய்னோ தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பி, மரங்களுக்கு அப்பால் தெரிந்த குட்டையில் பனி முழுக்க விட்டுவிட்டதா என்று பார்க்கிறவர்போல, அவள் முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.